நான் இடம் மாற்றிய பெண்கள்

தம்பி,

பத்து நாளாக நீ என்னோடு பேசவில்லை. சரி, பேச வேண்டாம். பேசினால் நான் பாதியில் சிரித்துவிடுவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய், மீதிப் பாதி இரண்டு பேர் வயிற்றிலும் கிடந்து புளிக்கும். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அந்தச் சௌகரியத்துக்காக எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து மேலே கீழே போகும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு பிழை திருத்தாதே. இதை உனக்கு மட்டும் ஒளித்து எழுதவும் இல்லை. கல்யாணத்துக்கு நிற்கிற மற்றப் பையன்களும், அவர்களைப் பெற்று வைத்திருக்கிற என்னைப் போன்ற மகராசிகளும் படித்தால் படிக்கட்டும். இருபது வருடமாக ஊரார் வீட்டுச் சங்கதியை விசாரித்தவள், ஒரு தடவை என் வீட்டுச் சங்கதியைச் சொன்னால் குறைந்துபோக மாட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு, உனக்கு நிச்சயம் பண்ணின புவனாவுக்குப் போன் போட்டேன். "கல்யாணத்துக்கு அப்புறம் சிதம்பரத்துல கடை எதுக்கும்மா? மூடிட்டு கடலூர் வந்துடு. அவனுக்கும் புதுச்சேரிக்கு மாத்தல் வரப் போவுது, இங்கேருந்தே போய் வருவான். மிஷினெல்லாம் இங்கயே ஏத்தியாந்துடலாம்" என்றேன். அந்தப் பெண் "இல்லைங்க" என்றாள். "இல்லைங்கன்னா? கல்யாணம் பண்ணா வந்துதான ஆவணும்? வராத பொண்ண நான் பாத்ததே இல்லியே" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நான் கொஞ்சம் யோசிச்சு சொல்றேங்க" என்று வைத்துவிட்டாள். கால் மணி நேரத்தில் நீ கூப்பிட்டுக் கத்தினாய்: "ஒனக்கு இன்னும் புத்தி வரலியாம்மா? மறுபடியும் அதே வேலய பண்றியே!" அதோடு சரி. திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்தத்துக்கு நாள் இருபத்தாறு. பெண்ணோ யோசிக்கிறாள். யோசிக்கிற பெண் கடைசியில் என்ன சொல்லுவாள் என்று ஒரு கல்யாணத் தரகருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

அதே வேலை என்றாயே, அந்த வேலையை முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் வாயால் நீ முழுசாகக் கேட்டதில்லை. நீ கேட்கும்போதெல்லாம் நான் கிண்டலில் தாண்டிவிட்டேன்.

என் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒரு பையனைப் பற்றி அவன் வீட்டில் விசாரிக்கக் கூடாது. அவன் வீட்டுக்கு வாழ வந்த பெண்ணையும், அந்த வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்துப் போன பெண்ணையும்தான் கேட்க வேண்டும். வந்தவளுக்கு உள்ளே நடப்பது தெரியும், போனவளுக்குப் பயம் விட்டிருக்கும். அப்படிக் கேட்டுக் கேட்டு நாலு நீட்டு நோட்டு நிறைந்தது. இரண்டாயிரத்து ஏழில் நீ காலேஜ் லீவில் வந்தபோது அந்த நோட்டுகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாய். "ஒரு ஆளப் பத்தி பன்னெண்டு எடத்துல எழுதியிருக்கியேம்மா, எப்படித் தேடுவ?" என்றாய். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கி வந்து, நான் சொல்லச் சொல்ல நீ அடித்தாய். ஆளுக்கு ஒரு பக்கம். வீட்டுக்கு ஒரு அறை. நீ அதை ஃபோல்டர் என்பாய், எனக்கு அறைதான். ஒரு பக்கத்தில் இன்னொருத்தர் பெயர் வந்தால் அது நீலமாக, அடியில் கோடு போட்டு நிற்கும். அதைத் தொட்டால் அந்த ஆளின் பக்கம் வந்து நிற்கும். பையனைத் தொட்டால் அத்தை, அத்தையைத் தொட்டால் அவள் சொன்ன சேதி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உன் அப்பா மட்டும், "முந்தி ஒரு வாய்தான், இப்ப அதுக்கு கரண்டு வேற" என்றார்.

ஒன்று சொல்லட்டுமா? நோட்டில் இருந்தவரை எனக்கு எல்லாம் தலையிலும் இருந்தது. பெட்டிக்குள் போனதும் தலை கழன்றுகொண்டது. அதுதான் இருக்கிறதே, தொட்டால் வந்துவிடுமே என்று இருந்துவிட்டேன்.

நீ வேலைக்குச் சென்னை போன பிறகு, ஒரு மார்கழியில் நான் அந்தப் பெட்டியை ஒழுங்கு பண்ண உட்கார்ந்தேன். மார்கழியில் தரகருக்கு என்ன வேலை? பார்த்தால், நான் கட்டிக் கொடுத்த பெண்கள் எல்லாம் இன்னும் அப்பன் வீட்டு அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்! இரண்டு பிள்ளை பெற்றவள்கூட அப்பன் பெயர் இனிஷியலோடு இருக்கிறாள். நன்றாகவா இருக்கிறது? கட், பேஸ்ட் நீ சொல்லிக் கொடுத்ததுதானே. ஒவ்வொருத்தியாக எடுத்துப் புருஷன் வீட்டு அறையில் போட்டேன். இனிஷியலை மாற்றிப் பக்கத்தின் பெயரையும் புருஷன் பெயரோடு திருத்தினேன். இருநூறு பேருக்கு மேல். கரண்டு போய்ப் போய் வந்ததில் பதினோரு நாள் ஆயிற்று. கண் எரிந்தது, முதுகு பிடித்துக்கொண்டது, ஆனால் இருநூறு பெண்களையும் மறுபடி ஒரு தடவை கட்டிக் கொடுத்த மாதிரி ஒரு பெருமை. உனக்குப் போன் பண்ணி, "எல்லாரையும் அவங்கவங்க வீட்டுல சேத்துட்டேண்டா" என்றேன். நீ "சரிம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்றாய். அதையும் குறித்துக்கொள். கத்தரிக்கோலைக் கையில் கொடுத்துவிட்டு, எதை வெட்டக் கூடாது என்று சொல்லாமல் மீட்டிங்குக்குப் போனவன் நீ.

தை பிறந்தது. சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்னால் சரோஜா என்கிற அம்மாவின் பெண்ணுக்கு வரன் கேட்டிருந்தார்கள். அதுதான் புவனா. அப்பா இல்லை. பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு ஆய்வேடு அடித்து பைண்டிங் போட்டுக் கொடுக்கிற டி.டி.பி. கடை வைத்துத் தாயைக் காப்பாற்றுகிற பெண். அதற்கு முன் நாலு பேர் வந்து பார்த்துவிட்டு, நாலு பேரும் பதில் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். "அக்கா, அஞ்சாவதா வர்றவன் நிச்சயமா இருந்தா மட்டும் கூட்டியாங்க. அவ இனிமே ட்ரேயத் தூக்க மாட்டேங்கறா" என்று சரோஜா என்னிடம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் வாக்குக் கொடுத்தேன்.

பண்ருட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். அவன் பக்கத்தைத் திறந்தேன். படிப்பு சரி, வேலை சரி, ஜாதகம் சரி. "விசாரித்த இடம்" என்று போட்டு அவனுடைய அத்தை பெயர் நீலமாக இருந்தது. தொட்டேன். பெட்டி இங்கிலீஷில் இரண்டு வரி ஏதோ முணுமுணுத்தது. அங்கே எழுத ஒரு குறையும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து மூடிவிட்டேன். அவ்வளவுதான் தம்பி. ஒரு தொடுதல், ஒரு மூடுதல்.

வேனில் ஒன்பது பேர் வந்தார்கள். புவனா காபி கொண்டுவந்து வைத்தாள். பையன் பெண்ணோடு தனியாகப் பேச வேண்டும் என்றான். காலம் மாறிவிட்டது, பேசட்டும் என்று நானே கொல்லைப்புறம் அனுப்பினேன். இரண்டு நிமிஷம்கூட இல்லை. புவனா திரும்பி வந்து, காலி டம்ளர்களை ஒவ்வொன்றாக ட்ரேயில் எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, இவரு வேற ஒருத்தங்களத்தான் கட்டிக்கணும்னு மூணு வருஷமா வீட்டுல சண்ட போட்டுட்டு இருக்காராம். பாவம், இழுத்தாந்துட்டாங்க. கேசரி சாப்ட்டுட்டு கெளம்பட்டும்."

பையனின் அம்மா எழுந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "இதெல்லாம் பொண்ணு வீட்டுல சொல்லி ஒத்துக்க வெச்சிட்டுத்தான் வர சொன்னன்னு நெனச்சேன். நீயெல்லாம் ஒரு தரகரா?" அவள் பெற்ற பிள்ளையின் சங்கதியை மறைத்ததும் அவள், கத்தினதும் அவள். அது போகட்டும். சரோஜா கத்தவில்லை. வாசல்வரை வந்து, "அக்கா, உங்களுக்கு இது தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள். "தெரியாது சரோஜா, சத்தியமா தெரியாது" என்று அவள் கையில் அடித்துச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் குடைந்தேன். அந்த அத்தையைக் கடலூர் முதுநகரில் கட்டிக் கொடுத்திருந்தோம். நான்தான் அவளை மார்கழியில் தூக்கி அந்த வீட்டு அறையில் வைத்திருந்தேன். அவள் பக்கம் இருந்தது. அதில் நான் சொல்லி நீ அடித்த வரி அப்படியே இருந்தது: பையன் ஒரு பெண்ணை விரும்புகிறான், அது முடிகிறவரை இவனுக்கு யாரையும் கொண்டுவர வேண்டாம், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும், தம்பி. கேட்டவளும் நான், எழுத வைத்தவளும் நான், வழியைப் பெயர்த்தவளும் நான். பொய்ச் சத்தியம் வேறு.

அந்தச் சனிக்கிழமை நீ வந்தாய். பெட்டியைப் பார்த்தவன் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாய். "ஏம்மா, நீலமா இருக்கே, அது பேருன்னா நெனச்ச? அது அட்ரஸ்ம்மா. எந்த அறை, எந்தப் பேருன்னு உள்ள எழுதியிருக்கு. நீ ஆள நவுத்திட்ட, பேர மாத்திட்ட. கோடு பழைய எடத்துக்குப் போயி, ஆளு இல்லாத எடத்துல நின்னுட்டு திரும்பி வருது."

"கட்டிக்குடுத்த பொண்ணுக்கு அட்ரஸ் மாறுமா மாறாதாடா?"

"மாறும். அது தேடி வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. உன் மேலா, பெட்டி மேலா, என் மேலா என்று தெரியவில்லை. மனுஷனுக்கு இருக்கிற புத்தி ஒரு பெட்டிக்கு இல்லையா? ஒரு தெருவில் போய், "இன்னாருடைய மகள் எங்கே?" என்று கேட்டால் நாலு பேர் கை காட்டுவார்கள். இது கை காட்டாது. அங்கே இல்லை என்று மட்டும் சொல்லும், அதையும் இங்கிலீஷில் சொல்லும். நாலு வருடம் வேலை செய்தது, பதினோரு நாளில் நாசம். இருநூறு பெண்களுக்குப் போன கோடுகள் எல்லாம் அறுந்தன. ஆண்கள் பக்கம் ஒன்றுகூட அறவில்லை, கவனித்தாயா? அவர்களை யார் நகர்த்தினார்கள்!

மறுநாள் உன்னையும் இழுத்துக்கொண்டு சிதம்பரம் போனேன். உன் அப்பா கண்டக்டராக இருக்கிற பஸ்ஸிலேயே போனோம். டிக்கெட் கிழிக்கும்போது, "சாமி கும்புடவா, மன்னிப்பு கேக்கவா?" என்றார். சரோஜா வீட்டில் இல்லை. கடையில் புவனா ஒரு ஆய்வேட்டைத் துளை போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்: "தெரியாதுன்னு உங்கம்மா கையில அடிச்சி சொன்னேன். தெரியும்மா. எழுதி வெச்சிருந்தேன். வழிய நானே பேத்துட்டேன்."

திட்டுவாள் என்று பார்த்தேன். "எப்படி பேத்தீங்க?" என்று கேட்டாள். நீ விளக்கினாய். கட்டிக் கொடுத்தவர்களைப் புருஷன் வீட்டு அறையில் போட்டதைக் கேட்டதும், துளை போடுகிற மிஷின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள் பார், எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஆன்ட்டி, போன மாசம் ஒருத்தர் ஆய்வேட்டுப் படத்தையெல்லாம் அழகா ஒரே எடத்துல அடுக்கிட்டு, வர வேண்டிய பக்கத்துல ஒண்ணுகூட வரலன்னு வந்து நின்னாரு. அவருக்கு அக்கா நீங்க." சிரித்து முடித்ததும், "நான் சரி பண்ணித் தர்றேன். உங்களுக்காக இல்ல. இன்னொருத்தி ட்ரேயத் தூக்கிட்டு வந்து நிக்கக் கூடாது" என்றாள்.

எட்டு ஞாயிற்றுக்கிழமை அவள் நம் வீட்டுக்கு வந்தாள், நீயும் சென்னையிலிருந்து வந்தாய். அந்த எட்டு ஞாயிற்றுக்கிழமையும் நான் பட்ட எரிச்சலை எந்தத் தாளில் எழுதுவது? முதல் நாள் ஒன்றையும் தொடவே விடவில்லை அவள். இருக்கிற கோலத்தை அப்படியே இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்து, ஒன்றை அரிசி டப்பாவில் வைக்கச் சொன்னாள். "கெட்டுப் போனதுக்கு எதுக்கு நகல்?" என்றேன். "இதைவிடக் கெட்டுப் போவலாம் ஆன்ட்டி" என்றாள். பிறகு ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர் கொடுத்தாள். பக்கத்தின் பெயர் இனி அந்த நம்பர்தான். கல்யாணம் ஆனாலும், ஊர் மாறினாலும், ஏன், செத்தாலும் அந்த நம்பர் மாறாது. அறைகளையே எடுத்துவிட்டாள், எல்லாரும் ஒரே கூடத்தில். யார் மகள், யார் மனைவி, எந்த ஊர் என்பதெல்லாம் பக்கத்துக்கு உள்ளே எழுத்தாக. வீட்டுக்கு ஒரு பக்கம், அதில் அந்த வீட்டு ஆட்களுக்கெல்லாம் கோடு. ஒருத்தி இரண்டு வீட்டுப் பக்கத்திலும் இருக்கலாம், அவள் மட்டும் நகர மாட்டாள். ஒரு பக்கத்தின் பழைய பெயரை நம்பராக மாற்றுவதற்கு முன்னால், அந்த ஆளின் பெயர் வேறு எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடி எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். நூறு தொடுவதற்குள் கரண்டு போகும். அவள் பதறாமல் பென்சிலை எடுத்து எங்கே நின்றோம் என்று குறித்துக்கொள்வாள். நான்தான் மின்சார வாரியத்தின் பரம்பரையையே திட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போவேன்.

அப்படி நான் அடுப்படியில் இருந்த நேரத்தில்தான் உன் சங்கதி நடந்திருக்கிறது. ஊரில் யார் யாரைப் பார்த்துச் சிரித்தாலும் எனக்கு என் பிறந்த ஊர் புதுச்சத்திரத்திலிருந்துகூடச் சேதி வந்துவிடும். என் வீட்டுக் கூடத்தில் நடந்தது தெரியவில்லை. உன் அப்பாதான் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "ஊருக்கெல்லாம் பொண்ணு பாக்கற. ஒன் கம்ப்யூட்டருக்கு முன்னாடி நாற்காலி ரெண்டும் கிட்டக் கிட்ட வந்துட்டே இருக்குதே, அதப் பாத்தியா?" உன்னைவிட எட்டு மாதம் மூத்தவள். பெண்ணுக்கு வயது ஜாஸ்தி என்று நான் திருப்பி அனுப்பின ஜாதகங்களைக் கூட்டினால் ஒரு கல்யாண மண்டபம் நிறையும். என்ன பண்ணுவது? பிடித்துப் போய்விட்டது. உனக்கு முன்னாலேயே எனக்குப் பிடித்துப் போய்விட்டது, அதுதான் உண்மை.

இவ்வளவும் பார்த்த பிறகும் அவளுக்கே போன் போட்டு, மூடிவிட்டு வா என்றேன். நீ கத்தினது நியாயம். ஆனால் ஏன் அப்படிச் சொன்னேன் என்று பத்து நாளாக எனக்கு நானே கேட்டுக்கொண்டதில், உனக்குச் சொல்லாத ஒன்று வந்து நின்றது. எனக்குக் கல்யாணம் ஆகும்போது வயது பத்தொன்பது. புதுச்சத்திரத்தில் நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். ஆலப்பாக்கத்திலிருந்தெல்லாம் துணி கொடுத்துவிடுவார்கள், கழுத்து என்னைப் போல் வெட்ட ஆள் இல்லை என்பார்கள். கடலூர் வந்து மூன்று மாதம் கழித்து ஊருக்குப் போனபோது, எதிர்ப்பட்ட ஒருத்தி, "நீ தைக்கறத உட்டுட்டியாமே? ஒங்க வூட்டுல கேட்டா, அவ இங்க இல்லன்னு சொல்லிட்டாங்க" என்றாள். அப்படி வந்து திரும்பினவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. யாருக்கும் யாரும் அட்ரஸ் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. கட்டிக் கொடுத்தாயிற்று, அவ்வளவுதான். மிஷினை என் அண்ணன் விற்றுவிட்டான். நான் வருத்தப்பட்டதாகக்கூட ஞாபகம் இல்லை. அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். எனக்கு நடந்ததையே இருநூறு பேருக்கு மார்கழியில் செய்தேன், அதையே புவனாவுக்குப் போனில் சொன்னேன். ஒரே கைப்பழக்கம்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இந்த ஒன்றுதான் இருக்கிறது. நாளைக்கு நீயும் ஒரு நாள் அவளை நகர்த்தப் பார்ப்பாய். புதுச்சேரிக்கு மாற்றல் வந்ததும், வீடு பார்த்ததும், பிள்ளை பிறந்ததும், எல்லாம் நல்லெண்ணத்தில்தான் செய்யத் தோன்றும். நகர்த்துவதற்கு முன்னால் உட்கார்ந்து பார், அவளைத் தேடி எங்கெங்கேயிருந்து கோடு வருகிறது என்று. ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள், சாயந்திரம் மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டிய அம்மா, தாள் கடன் கேட்கிற பக்கத்துக் கடைக்காரர். ஒவ்வொன்றுக்கும் வழி சொல்ல முடிந்தால் நகர்த்து. முடியாவிட்டால் நீ நகர். உனக்குக் கால் இருக்கிறது, பஸ் இருக்கிறது, கண்டக்டரும் சொந்தக்காரர்.

இதையெல்லாம் மனசில் கூட்டிக்கொண்டு இன்று காலை சிதம்பரம் போனேன். கடையில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டாள், வேண்டுமென்றுதான். கூட்டம் கலைந்ததும், "கடை இங்கயே இருக்கட்டும்மா. நான் சொன்னது தப்பு" என்றேன்.

"நீங்க சொன்னாலும் இருக்கும், சொல்லலன்னாலும் இருக்கும் அத்தை. நான் யோசிச்சது கடையப் பத்தி இல்ல."

"வேற என்னம்மா?"

"அறுநூறு பக்கத்தையும் தொட்டுப் பாத்தவ நான். ஊர்ல ஒரு வீடு உடல. எல்லார் வீட்டு மாமியாரும் எப்படின்னு அதுல இருக்கு. உங்க வீட்டுக்கு மட்டும் பக்கமே இல்ல. நான் வாழப் போற வீட்டப் பத்தி நான் யாரக் கேக்கறது?"

நம்புவாயா? இருபது வருடத்தில் ஒரு தடவைகூட எனக்கு அது தோன்றவில்லை. அவள் புதுசாக ஒரு நம்பர் போட்டுப் பக்கத்தைத் திறந்தாள். "சொல்லுங்க, அடிக்கறேன். அடுத்தவங்க வீட்டுக்கு எழுதற மாதிரியே சொல்லுங்க." சொன்னேன். மாமனார் நல்லவர், வேண்டாததுக்குக் காது கேட்காது. பையன் வேலை நேரத்தில் தாய் சொல்வதைக் காதில் வாங்க மாட்டான், கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவான். காலேஜில் ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது, அது நடக்கவில்லை. "அது அவரே சொல்லிட்டாரு" என்றாள். மாமியார் வாய் ஜாஸ்தி, சிரித்துக்கொண்டே குத்துவாள், குத்தினது தெரியாத மாதிரி இருப்பாள். அவள் ஒரு எழுத்து விடாமல் அடித்தாள். அடித்து முடித்து, "விசாரித்த இடம்?" என்று கேட்டாள்.

நம் வீட்டுக்கு வந்தவள் நான் ஒருத்திதான். நம் வீட்டிலிருந்து போனவள், நெல்லிக்குப்பத்தில் இருக்கிற உன் அத்தை. அவள் ஏன் ஆறு வருடமாக நம் வாசல் மிதிக்கவில்லை என்று நீ கேட்டபோதெல்லாம் ஏதோ சொத்துச் சண்டை என்று சொல்லி வைத்திருந்தேன். சொத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் வீடு கட்டிப் புதுமனை புகுந்த அன்று, அத்தனை பேர் நடுவில் நான், "வூடு பெருசாத்தான் இருக்கு நாத்தனாரே, ஓடி வெளையாடத்தான் ஆள் இல்ல" என்றேன். பிள்ளைக்காகப் பதினாலு வருடம் மருந்து சாப்பிட்டவளிடம். நாலு பேர் சிரித்தார்கள். அவள் இலை போடப் போய்விட்டாள். கேலிதானே, முறைக்காரிதானே என்று நான் இருந்துவிட்டேன். இதையும் புவனாவிடம் சொன்னேன். அவள் இதை மட்டும் அடிக்கவில்லை. "நம்பர் குடுங்க" என்றாள்.

என் முன்னாலேயே போன் போட்டாள். "அத்தை, நான் புவனா பேசறேன், உங்க அண்ணன் வீட்டுக்கு வரப் போற பொண்ணு. உங்க அண்ணிய பத்தி விசாரிக்கணும்" என்றாள். பிறகு பதினைந்து நிமிஷம் "ம்", "ம்" என்பதைத் தவிர ஒன்றுமில்லை. நான் பைண்டிங் பசை வாசனையில் உட்கார்ந்து கல்லூரிக்காரப் பிள்ளைகளின் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். பேசி முடித்துத் திரையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிறைய அடித்தாள். என்ன அடித்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை, நான் எழுதினதை யாருக்குமே நான் காட்டினதில்லையே.

"ஒண்ணு மட்டும் சொல்றேன் அத்தை" என்றாள் கடைசியில். "நீங்க தப்பு பண்ணா ஒத்துக்குவீங்களாம். ஆனா ரொம்ப நாள் ஆவுமாம். அவுங்க இன்னும் காத்துட்டு இருக்காங்களாம்." பிறகு கடையைப் பூட்டுகிற சாவியை எடுத்துக்கொண்டு, "வெள்ளிக்கெழம முகூர்த்தப் பொடவ எடுக்கப் போலாம். அதுக்கு முன்னாடி நெல்லிக்குப்பம் போயிட்டு வந்துடுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. பஸ் மாறி நேராக இங்கே வந்துவிட்டேன். உன் அத்தை கதவைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள், கதவைச் சாத்தவில்லை. அவள் அடுப்படியை விட்டு வரும்வரை என்ன செய்வது என்று தெரியாமல், வரவேற்பறையில் இருந்த கணக்கு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து உனக்கு எழுத ஆரம்பித்தேன். இத்தனை தாள் ஆகிவிட்டது, அவள் வரவில்லை. இனி எழுத ஒன்றும் இல்லை. அடுப்படிக்கு நானே போகிறேன்.